இன்னொண்ணு இருக்கு

அவர் ஓர் அறையை விட்டு வெளியேறும் விதத்தை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்கு அடியில் தள்ளுவார். எதிரில் இருப்பவர் மலாய்க்காரராக இருந்தால் "தெரிமா காசே, துவான்" என்பார், தமிழராக இருந்தால் "ரொம்ப நன்றி சார்." குரலில் பொய் இருக்காது. உண்மையிலேயே நன்றி சொல்வார். கதவு வரை போய், பிடியில் கை வைத்து, பாதி திறந்த பிறகு திரும்புவார்.

"இன்னொண்ணு இருக்கு சார்."

அதிகாரி அதற்குள் பேனாவை மூடியிருப்பார். பக்கத்தில் இருப்பவரிடம் மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்திருப்பார். அந்தத் தளர்ந்த நேரத்தில் அவர் கேட்பது எப்போதும் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். தேய்ந்துபோன மாப்புக்கு மாற்று. கழிவறை கழுவுபவர்களுக்கு முழங்கை வரை வரும் கையுறை. பெண்கள் உடை மாற்ற படிக்கட்டுக்கு அடியில் ஒரு திரை. கேட்டது பெரும்பாலும் கிடைத்துவிடும். மருத்துவமனையில் தமிழர்கள் அவரை 'இன்னொண்ணு அக்கா' என்றார்கள். மலாய் அதிகாரிகள் 'காக் சத்து லாகி' என்றார்கள், பொருள் அதேதான். இரண்டு பெயரும் அவருக்குத் தெரியும். கோபப்பட்டதில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஓர் அரசு மருத்துவமனை அது. பெயர் வேண்டாம். நான் அங்கே நிர்வாகப் பிரிவில் எழுத்தர். கூட்ட அறைகளின் சாவி என் பொறுப்பு. துப்புரவு நிறுவனமும் தொழிலாளர்களும் பேசும்போது மருத்துவமனையின் சார்பில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது நடைமுறை. வாய் திறக்காமல் உட்காரத் தெரிந்தவன் என்பதால் என்னை அனுப்புவார்கள். அவருடைய கூட்டங்களை அப்படித்தான் பார்த்தேன்.

அவர் துப்புரவுப் பணியாளர். தொழிற்சங்கத்தின் அந்த மருத்துவமனைக் கிளைக்குத் தலைவி. அவர்களுடைய வேலை முறையைச் சொன்னால்தான் மற்றது புரியும். துப்புரவு வேலையை அரசு நேரடியாகச் செய்வதில்லை. ஒரு நிறுவனத்துக்குக் குத்தகை. சில ஆண்டுகளில் குத்தகை முடிந்து வேறு நிறுவனம் வரும். வார்டு மாறாது, வாளி மாறாது, மாப்பைப் பிடிக்கும் கையும் மாறாது. ஆனால் அத்தனை பேரும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்று கையெழுத்துப் போட வேண்டும். மறுபடி தகுதிகாண் காலம். ஆண்டு விடுமுறை மறுபடி எட்டு நாளிலிருந்து. ஒரே வார்டை இருபது வருடம் கழுவியவர் காகிதத்தில் எப்போதும் புது ஆள்.

"உங்களுக்கென்ன தம்பி, பென்சன் வேல," என்று என்னைச் சீண்டுவார். "நீங்க தலவலின்னு படுத்தா லீவு. நாங்க செத்தாதான் லீவு. அதையும் மொதல்லயே அப்ளை பண்ணணும்."

சிரிக்கும்போது வாயைப் புறங்கையால் மூடிக்கொள்வார். கிருமிநாசினி வாடை அந்தக் கையில் எப்போதும் இருக்கும்.

ஏன் இப்படி ஒவ்வொன்றாகக் கேட்கிறீர்கள், மொத்தமாக ஒரு நாள் எல்லாவற்றையும் மேசையில் போட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். மின்தூக்கிக்காகக் காத்திருந்தோம்.

"மொத்தமா கேட்டா மொத்தமா இல்லன்னுருவான் தம்பி. ஒண்ணொண்ணா கேட்டா ஒரு தடவைக்கு ஒண்ணுக்குத்தான் இல்லன்னு சொல்ல முடியும். எத்தன தடவ இல்லம்பான்? அவனுக்கும் வாய் வலிக்கும்லா."

கிள்ளானில் சில ஆண்டுகள் நாங்கள் ஒரே மலிவுவிலை அடுக்குமாடியில் குடியிருந்தோம். அவர் ஒன்பதாவது மாடி, நான் நாலாவது. இரண்டு மின்தூக்கிகள், இரண்டுமே மாதக்கணக்கில் கிடப்பில். அவர் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார். ஒரு சனிக்கிழமை கீழே பூப்பந்து மைதானத்தில் பெருங்கூட்டம். மேல்மாடிக்காரர்கள் குழந்தைகளோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு சீனக் கிழவர் தன் சக்கர நாற்காலியை நடுவில் நிறுத்தி, இனி இங்கேயே தூங்குகிறேன் என்றார். நிர்வாகத்துக்காரன் பயந்துபோய், இப்போதைக்கு ஒரு மின்தூக்கியைச் சரிசெய்து தருகிறோம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றான்.

அவர் ஒத்துக்கொண்டார். நன்றி சொன்னார். ஒரு மின்தூக்கி ஓட ஆரம்பித்தது.

அடுத்த மாதம் இரண்டாவது மின்தூக்கிக்காகக் கூட்டம் போட்டார். நான், அவர், அவருடைய கணவர் என்று மூன்று பேர் வந்தோம். லோரி உதவியாளரான அவர் கணவர் பாதியில் தூங்கிவிட்டார். சக்கர நாற்காலிக் கிழவர் ஓடுகின்ற மின்தூக்கியிலிருந்து இறங்கி, எங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பாசார் சந்தைக்குப் போனார்.

"வரலன்னா பரவால்ல," என்றார் அக்கா. "அவங்க கால் வலி தீந்துச்சில்ல. அதுக்குத்தானே கூப்டேன்." சொல்லிவிட்டுத் தனியாகவே அலுவலகத்துக்குப் போய் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டாவது மின்தூக்கி நான் அங்கிருந்து வீடு மாறும்வரை ஓடவில்லை.

கடையில் சாப்பிடும்போதும் அதே ஆள்தான். ரொட்டி சானாய் வந்ததும் கொஞ்சம் சாம்பார் கேட்பார். சாம்பார் வந்ததும் நன்றி சொல்லி, கொஞ்சம் மீன் குழம்பு. கடைப் பையன் திரும்பி நடந்தபின், "தம்பி, இன்னொண்ணு." அவன் நின்று, இடுப்பில் கை வைத்து, "ஆன்டி, கடையவே எழுதித் தரவா?" என்பான். "அத அடுத்த வாரம் கேக்குறேன். இப்ப கொஞ்சம் வெங்காயம் குடு" என்பார் இவர்.

தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்கு ஒருமுறை அவரை நான்தான் அழைத்துப் போனேன். அங்கே ஒரு தையல் கடைக்கு மேலே என் பள்ளித் தோழன் சேவியர் ஞாயிறு மதியங்களில் அரசியல் வகுப்பு நடத்தினான். சேவியர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன். தனியார் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தான். காலையில் தேவாலயப் பூசை முடிந்து நேராக வகுப்புக்கு வருவான். "ரெண்டு எடத்துலயும் சொர்க்கத்தப் பத்தித்தான் பேச்சு. இங்க காணிக்கை கம்மி" என்று அவனே சொல்லிக்கொள்வான். கேட்க ஆறேழு பேர் இருப்பார்கள். முதலாளித்துவத்தைத் துண்டு துண்டாகத் திருத்த முடியாது, திருத்தத் திருத்த அது பலப்படும் என்பது அவனுடைய வாதம். பல வருடமாக அதைத்தான் சொன்னான். அதில் பிடிவாதம் இருந்தது, பொய் இல்லை.

அக்கா பின்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். தேநீர் வந்தபோது, என் மூலம் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த சேவியர் நேராக அவரிடம் வந்தான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க சம்பளம் வாங்காம முதலாளிக்கு ஓவர்டைம் பாக்குறீங்க. அவன் கூரையில எங்கெங்க ஒழுகுதுன்னு நீங்களே தேடிப் புடிச்சி, அடைக்கச் சொல்லிக் குடுக்குறீங்க. அந்தக் கூரை இன்னும் அம்பது வருசம் நிக்கும், உங்க புண்ணியத்துல."

"ஒழுகுறத அடைக்கலன்னா நனையிறது நான்தானே தம்பி."

"கூரைய மொத்தமா பிரிக்கணும்க்கா."

"பிரிச்சிட்டு அன்னிக்கு எங்க படுக்கிறது? உங்க வீட்டுலயா? எண்பது பேரு இருக்கோம், பாயி போட எடம் இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். சேவியரும் சிரித்தான். அவர் விடவில்லை. என்னைக் காட்டி, "இவரு பென்சன் வானத்துலேந்தா விழுந்துச்சு? எவனோ ஒருத்தன் எங்கயோ ஒண்ணொண்ணா கேட்டு வாங்கினது. குறைஞ்சபட்ச சம்பளம் இல்லாத காலத்துலயும் நான் மாப்பு புடிச்சிருக்கேன். அது வந்த மாசம் நான் மொத தடவயா மீனு வாங்கப் போயி வெல கேக்காம வாங்கினேன். அது உங்க புஸ்தகத்துல இருக்கா?"

"அதே மாசம், தவறாம வந்தா குடுக்குற வருகைப்படிய நிறுத்திட்டாங்கன்னு இவன்தானே சொன்னான்?"

"நிறுத்தினாங்க. திரும்பக் கேட்டு பாதி வாங்கினோம்."

சேவியர் கோப்பையைக் கீழே வைத்தான். குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அக்கா, உங்க வேலையும் ஒரு காலத்துல கவர்மெண்டு வேலதானே? ஆஸ்பத்திரி கூட்டுறவங்களுக்கும் பென்சன் இருந்துச்சுதானே? எத்தன வருசம் எத்தன பேரு ஒண்ணொண்ணா கேட்டு வாங்கியிருப்பாங்க. ஒரு நாள் குத்தகைன்னாங்க. எல்லாம் ஒரே கையெழுத்துல போச்சு. வாங்கினது ஒண்ணொண்ணா. போனது ஒரேயடியா."

தேநீரில் ஆடை படிந்துவிட்டிருந்தது. அக்கா அதை விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். ரயில் நிலையம் வரை நடந்தோம். படியில் ஏறும்போது, "நல்ல மனுசன். பசிச்சதில்ல போல" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு அந்த வகுப்புக்கு வரவில்லை.

இனி, அந்தக் குத்தகை மாற்றத்துக்கு வருகிறேன்.

பழைய நிறுவனத்தின் காலம் முடிந்தது. புது நிறுவனம் தேர்வாகிவிட்டது. இந்த முறை சங்கம் ஒரே கோரிக்கையில் நின்றது: எல்லோரையும் எடுத்துக்கொள்ள வேண்டும், செய்த வருடங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இனி யாரும் புது ஆள் இல்லை. அதுவரை அவர் கேட்டதிலேயே பெரியது அதுதான். தராவிட்டால் மருத்துவமனை வாசலில் மறியல் என்றும் சொல்லியிருந்தார். எண்பது சொச்சம் பேரும் வருவதாகக் கைதூக்கியிருந்தார்கள். மலாய்ப் பெண்கள், தமிழ்ப் பெண்கள், சில ஆண்கள். சேவியர் பதாகைத் துணி வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

புது நிறுவனத்தின் சார்பில் வந்தவர் ஒரு தமிழ் இளைஞர். மனிதவள அதிகாரி. முப்பது வயது இருக்கும். மரியாதையானவர். அவர் சொன்னது இதுதான்: செய்த வருடங்களை ஒப்புக்கொள்கிறோம். தகுதிகாண் காலம் இல்லை. நீண்ட காலம் செய்தவர்களுக்குப் பதினாறு நாள் விடுமுறை. ஆனால் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களை எடுக்க முடியாது. அவர்களுக்குத் துணை ஒப்பந்தக்காரர் ஒருவர் மூலம் ஆறு மாத வேலை தரலாம். அதற்குப் பிறகு எதுவும் சொல்ல முடியாது.

அப்படித் தாண்டியவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஒருவர் பாக்கியம். அக்காவோடு ஒரே வார்டில், ஒரே தள்ளுவண்டியில் பல வருடம் வேலை செய்தவர். ஒருவர் கழுவ மற்றவர் துடைப்பார்; பேச்சே தேவையில்லாமல் அந்த நீண்ட நடைபாதையின் கோடிக்குப் போய்ச் சேருவார்கள். அக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு. பாக்கியத்துக்கு ஐம்பத்தேழு.

அக்கா ஐந்து நிமிடம் வெளியே போய்ச் செயற்குழுவோடு பேசிவிட்டு வந்தார். ஒத்துக்கொண்டார். நன்றி சொன்னார். கதவு வரை போய்த் திரும்பி, "இன்னொண்ணு இருக்கு சார். அந்த ஒம்பது பேரு. ஆறு மாசத்துல வந்து கேப்பேன்" என்றார்.

"கேளுங்க ஆன்டி. கண்டிப்பா கேளுங்க" என்றார் அந்த இளைஞர்.

அன்று மாலை வாகன நிறுத்துமிடத்தில் சேவியர் பதாகைத் துணியை மடித்துக்கொண்டிருந்தான். "எண்பது பேரு நின்னாங்கக்கா. இனி இந்த மாதிரி நிப்பாங்களா?" என்றான்.

"ஏன் நிக்க மாட்டாங்க? இப்ப உள்ள இருக்கோம். கால் ஊனியாச்சு. வெளியில நின்னு கத்துறதுக்கும் உள்ள நின்னு கேக்குறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல."

பாக்கியம் பக்கத்தில் பையோடு நின்றிருந்தார். "நீ பாத்துக்குவ. எனக்குத் தெரியாதா" என்று அக்காவின் தோளில் தட்டினார். இருவரும் ஒரே பேருந்தில் ஏறிப் போனார்கள்.

அந்த ஆறு மாதத்தில் நான் கண்டதை மிகைப்படுத்தாமல் எழுத வேண்டும். நல்லது நடந்தது. குழந்தை ஆஸ்துமாவில் மூச்சுத் திணறும்போதெல்லாம் சம்பளம் வெட்டுப்பட்ட விமலா என்ற பணியாளர், முதல்முறையாகச் சம்பளத்தோடு விடுப்பு எடுத்தார். இரண்டு மலாய்ப் பெண்கள் ஹரிராயா பெருநாளுக்கு ஒரு வாரம் முழுதாகக் கம்பத்துக்கு, சொந்த ஊருக்கு, போய்வந்தார்கள். ஓய்வறையில் பேச்சுச் சத்தம் கூடியது.

ஆறு மாதம் முடியும் தறுவாயில் அக்கா கூட்டம் கூட்டினார். ஒன்பது பேருக்காக மறியல். கைகள் தூக்கப்பட்டன, ஆனால் பாதி உயரத்துக்கு. மறியல் நாளன்று மருத்துவமனை வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அதில் ஒன்பது பேர் அந்த ஒன்பது பேர்தான். சேவியர் கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, வெயிலில் கடைசிவரை நின்று, தண்ணீர் போத்தல்களைச் சுமந்து கொடுத்தான். கூரையைப் பிரிக்கச் சொன்னவன் வந்தான். கூரை கிடைத்தவர்கள் வரவில்லை.

விமலா பணி முடிந்து பின்வாசல் வழியாக வெளியேறியதை அக்கா பார்த்துவிட்டார். மறுநாள் சரக்கறைப் பக்கம் அவரைப் பிடித்து நிறுத்தினார். நான் அங்கே விளக்குக் குழல் எண்ணி வாங்க வந்திருந்தேன்.

"ஏன் வரல?"

"அக்கா, இப்பத்தான் எனக்கு நிமிந்து உக்கார முடியுது. மறியல்ல நிக்கிறவங்கள போட்டோ புடிக்கிறாங்களாம். இது போச்சுன்னா புள்ளய வச்சிக்கிட்டு நான் மறுபடி மொதல்லேந்து..." விமலா அழுதுவிட்டார். "நீங்கதான் வாங்கிக் குடுத்தீங்க. இல்லங்கல. அதனாலதான்க்கா பயமா இருக்கு. முன்ன போறதுக்கு ஒண்ணும் இல்ல. இப்ப இருக்கு."

அக்கா அவரைத் திட்டவில்லை. "போ. புள்ள மருந்துக்கு நேரமாச்சு" என்றார்.

மறியலுக்கு நாலைந்து நாள் கழித்து அந்த இளைஞர் பேச வந்தார். நான் அறையைத் திறந்து, குளிர்சாதனத்தைப் போட்டு, ஓரத்தில் உட்கார்ந்தேன். அக்கா தனியாகத்தான் வந்திருந்தார். செயற்குழுவில் மற்றவர்களுக்கு அன்று ஏதேதோ வேலை.

"ஆன்டி, மேல பேசினேன். ரொம்பக் கஷ்டப்பட்டுதான் இத வாங்கினேன். மூணு பேர எடுக்கலாம். பெர்மனண்டா, மத்தவங்க மாதிரியே. வருசக் கணக்கோட."

"மூணா?"

"மூணு. பேரு நீங்களே குடுங்க. உங்களுக்குத்தானே தெரியும், யாருக்கு வீட்டுல கஷ்டம் அதிகம், யாருக்குக் கம்மின்னு. எனக்குத் தெரியாது. நான் எடுத்தா தப்பாப் போயிரும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. வெள்ளைத் தாள் ஒன்றையும் பேனாவையும் எடுத்து மேசையின் நடுவில் வைத்தார்.

அக்கா தாளைப் பார்த்தார். மேசையின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தார், அழுக்கு இருப்பது போல. அங்கே அழுக்கு இல்லை.

"வேணாம்" என்றார்.

"ஆன்டி?"

"ஒம்பதுன்னா சரி. மூணு வேணாம்."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த இளைஞரும் கேட்டிருக்க மாட்டார். "மூணுக்கு மேல எனக்குப் பவர் இல்ல ஆன்டி. யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க" என்றார். "யோசிச்சாச்சு" என்றார் அக்கா. இளைஞர் தாளைத் திரும்ப எடுத்துக் கோப்புக்குள் வைத்தார். அக்கா நாற்காலியைத் தள்ளினார். நன்றி சொன்னார். கதவைத் திறந்தார். போய்விட்டார். இளைஞர் கதவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

மாதக் கடைசியில் ஒன்பது பேருக்கும் வேலை போனது.

சேவியர் செய்தி கேட்டு அன்றே கிள்ளானுக்கு வந்தான். அக்காவின் ஒன்பதாவது மாடி வீட்டில், துணி காயப்போட்ட முன்னறையில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். சேவியரின் முகத்தில் ஒரு வெளிச்சம். "இன்னைக்குத்தான்க்கா நீங்க சரியான எடத்துல நின்னீங்க. அவன் போட்ட துண்ட பொறுக்கல. இதுதான் ஆரம்பம்" என்றான்.

"நான் நின்னேன் தம்பி. விழுந்தது அவங்க."

"அப்படிப் பாக்கக்கூடாதுக்கா."

"வேற எப்படிப் பாக்கணும்? அவங்க மூஞ்சிய பாக்காமயா?"

சேவியரிடம் அவருக்குக் கோபம் இல்லை. அவன் கிளம்பும்போது கீழே வரை வந்து வழியனுப்பினார். ஆனால் அந்தப் பாராட்டு அவருக்கு உள்ளே இறங்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. சேவியர் அதைக் கொள்கை என்று எடுத்துக்கொண்டான். நான் அந்த அறையில் இருந்தவன். அந்தத் தாளில் மூன்று பெயர் எழுத அவருக்குக் கை வரவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. இரண்டும் ஒன்றுதானா, வேறு வேறா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அந்த வாரமே ஒன்பது பேரில் சிலர் வீட்டுக்கே வந்து கத்தினார்களாம். "யாரக் கேட்டு வேணாம்னீங்க? உங்களுக்கு வேலை இருக்கு, வாய் பேசுது." அவர் கணவர் சமாதானம் பேசப் போய் அவரும் வாங்கிக் கட்டிக்கொண்டார். பாக்கியம் மட்டும் வரவில்லை. வராததுதான் அக்காவுக்கு அதிகம் வலித்திருக்கும்.

பாக்கியத்தைப் பல மாதம் கழித்து நான் பிரிக்பீல்ட்ஸில் பார்த்தேன். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கைகழுவப் போனவன் நின்று விசாரித்தேன். ஸ்ரீ கெம்பாங்கானில் மகன் வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருவதாகச் சொன்னார். முழங்கால் வீங்கியிருந்தது. நான் கேட்காமலேயே அவர் பேச்சை அங்கே கொண்டுவந்தார்.

"அவ மூணுக்கு சரின்னிருந்தா நான் இப்ப அங்க இருந்திருப்பேன் தம்பி. எம் பேர மொதல்ல எழுதியிருப்பா. எனக்குத் தெரியும். இருபது வருசம் ஒண்ணா வாளி தூக்கினோம்."

அவரிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. ஒன்பது பேரில் வேறு நால்வரை அதற்குள் நான் அங்கங்கே பார்த்துவிட்டிருந்தேன். கிள்ளான் பாசாரில் ஒருவர், கம்போங் மேடானில் உறவினர் வீட்டுக் காதுகுத்தில் ஒருவர், மருத்துவமனைக்கே நோயாளியாக வந்த இருவர். நால்வரும் இதையேதான் சொன்னார்கள். மூன்று இடம்தான். அந்த மூன்றில் ஒன்று தனக்கானது என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. மற்றவர்களையும் கேட்டிருந்தால் அவர்களும் அதையே சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எழுதப்படாத அந்தத் தாளில் எல்லோருடைய பெயரும் இருந்தது.

மூன்று பெயரை எழுதியிருந்தால் ஆறு பேர் அவரைச் சபித்திருப்பார்கள், மூன்று பேர் வாழ்த்தியிருப்பார்கள். எழுதாததால் ஒன்பது பேர் சபித்தார்கள். முதலிலேயே ஒன்பது பேரையும் விடாமல் எண்பது பேரோடு வாசலில் நின்றிருந்தால் எல்லோரும் உள்ளே போயிருக்கலாம். எல்லோரும் வெளியே போயிருக்கவும் கூடும். சேவியருக்கு இதில் விடை இருந்தது. எனக்கு இல்லை. விமலாவின் குழந்தை இப்போது பள்ளிக்குப் போகிறது. திணறும் நாட்களில் அம்மா பக்கத்தில் இருக்கிறாள். அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல என்னால் முடியாது. பாக்கியத்தின் முழங்காலையும் சொல்ல முடியாது.

அந்தக் குத்தகையும் முடிந்தது. அடுத்த நிறுவனம் வந்தது. இப்போது அக்கா செமினியில் மகளோடு இருக்கிறார் என்று கேள்வி. அங்கே போவதற்கு முன் அவரை வேலை உடுப்பில் நான் பார்த்த கடைசிக் கூட்டம் அந்தப் புது நிறுவனத்தினுடையது. அவருக்கே அப்போது வயது ஐம்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

புது நிறுவனத்துக்காரர்கள் பழைய ஒப்பந்தத்தை அப்படியே தொடர்வதாகச் சொன்னார்கள். வருடக் கணக்கு, விடுமுறை எல்லாம். கூட்டம் கை தட்டியது. புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் தண்ணீர் போத்தல்களை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தாள். துப்புரவு வண்டிகளில் பாதிக்குச் சக்கரம் சரியில்லை என்று அந்த வாரம் முழுக்க ஓய்வறையில் பேச்சாக இருந்தது. அதை அவர் எழுந்து சொல்வார் என்று எல்லோரும், நானும், எதிர்பார்த்தோம். அவர் எழவில்லை. கூட்டம் கலைந்தது.

நான் விளக்கை அணைக்க நின்றேன். அவர் ஜன்னல் பக்கம் நாற்காலியில் இன்னும் உட்கார்ந்திருந்தார்.

"ஏன்க்கா ஒண்ணும் கேக்கல? வண்டிச் சக்கரத்தப் பத்தியாவது சொல்லியிருக்கலாமே. கேட்டா குடுத்திருப்பாங்க."

"குடுத்திருப்பாங்க தம்பி," என்றார். "அதான் பயமா இருக்கு. பாதி வண்டிக்குக் குடுப்பாங்க. யாரு வண்டிக்குன்னு என்னையக் கேப்பாங்க."

வெளியே யாரோ ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நடைபாதையின் கோடி வரை அதன் சக்கரம் தேய்ந்துகொண்டே போவது கேட்டது. அது ஓய்ந்ததும் நான் விளக்கை அணைத்தேன்.